புருவம் வைத்த மீனும் மூலக்குளம் பேனரும்

சும்மா ஒருவன் உளறினால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். எம்.எஸ்சி. விலங்கியல் படித்தவன் உளறினால் பேனர் கட்டிவிடுவார்கள். (அனுபவத்தில் சொல்கிறேன்.)

அப்போது நான் டியூஷன் சென்டர் வாத்தியார். சுகுணாவைப் பெண் கேட்டிருந்தேன். அவள் அப்பா மூலக்குளத்தில் பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடுபவர். கவுன்சிலர் சீட்டுக்கும் அடி போட்டுக்கொண்டிருந்தார். "ஊரு பேசற மாதிரி எதுனா பண்ணு தம்பி, அப்புறம் பாக்கலாம்" என்று தள்ளிப்போட்டார்.

ஒரு சாயங்காலம் கடற்கரைச் சாலையில், பாறை இடுக்குத் தண்ணீரில் ஒரு பொந்து. அதிலிருந்து விரல் நீள மீன் ஒன்று தலையை மட்டும் நீட்டி என்னை முறைத்தது. கண்ணுக்கு மேலே குஞ்சம் குஞ்சமாகப் புருவம்! குப்புறப் படுத்து, அலையில் சட்டையெல்லாம் நனைய, போட்டோ எடுத்தேன். பாறைப் பொந்தில் குடியிருக்கும் பிளென்னி வகை என்று புத்தகத்தைப் புரட்டிக் கண்டுபிடித்தேன். ஆனால் புத்தகப் படத்தில் புருவம் இல்லை. ஆகவே இது உலகத்துக்கே புது மீன். (புத்தகத்தில் இருந்தது ஒரே ஒரு படம்தான்.)

மீன் நிபுணர் ஒருவருக்குப் போட்டோவை அனுப்பினேன். பதில் வரும்வரை பொறுத்திருக்கலாம். நான் சுகுணாவுக்கு போன் போட்டேன்.

"நல்லாத் தெரியுமா?" என்றாள்.

"நான் எம்.எஸ்சி.!" என்றேன்.

அவள் அப்பாவிடம் சொல்லிவிட்டாள். மறுநாள் மாலை மூலக்குளம் ஜங்ஷனில் பேனர்: 'உலகமே வியக்கும் புதிய மீனைக் கண்டுபிடித்த எங்கள் வீட்டு மாப்பிள்ளையே வருக!' பேனரில் அவர் ஆளுயரத்துக்குக் கைகூப்பி நின்றார். மீன் சுறா அளவுக்கு இருந்தது. நான் மூலையில் ஸ்டாம்ப் சைஸில் இருந்தேன்.

சால்வை போர்த்தினார்கள். ஒரு அம்மா மீனையே பார்த்துவிட்டு, "தம்பி, இது கொழம்புக்கா, வறுக்கவா? பெரிய மார்க்கெட்ல வந்துடுச்சா?" என்று கேட்டார். அப்போதுதான் நிபுணரின் பதில் வந்தது: 'சாதாரண பிளென்னிதான். நம் கரையில் தாராளமாக உண்டு. இந்த வகையில் பலவற்றுக்கும் புருவம் உண்டு. ஆர்வத்துக்கு வாழ்த்துகள்.'

சுகுணா கையைவிட்டுப் போய்விட்டாள் என்றே நினைத்தேன். மறைத்தாலும் நாளைக்குத் தெரியத்தான் போகிறது. சுகுணா அப்பாவின் காதில் சொல்லிவிட்டேன்.

"இன்னா சொல்ற?" சிரிப்பு மாறாமல் கேட்டார். எதிரே கேமரா.

"புது மீனு இல்லீங்க. எல்லாருக்கும் தெரிஞ்ச மீனுதான்."

பேனரை அண்ணாந்து பார்த்தார். "மீனு போனாப் போவுது. மாப்பிள்ளன்னு ஜங்ஷன்ல நானே போட்டுட்டனே! இப்பப் பொண்ணு குடுக்கலன்னா எவன் எனக்கு ஓட்டுப் போடுவான்?" பல்லைக் கடித்துக்கொண்டே என் தோளில் கை போட்டார். "சிரி மாப்ள, போட்டோ எடுக்கறான்."

கல்யாணம் நடந்தது. சீட்டு அவருக்குக் கிடைக்கவில்லை. பேனர் இன்று எங்கள் வீட்டு ஸ்கூட்டருக்குப் போர்வை.

மாமியார் வீட்டு விருந்தில் இன்றைக்கும் பரிமாறுகிறவர்களுக்கு மாமா உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்: "மாப்ளைக்கு மீனு நெறைய வைங்க. பேரு மட்டும் கேட்டுடாதீங்க!"