என் புராணத்தைச் சங்கரன் புதைத்த விவரம்

காஜா பெராங், மலாக்கா
2603ஆம் வருடம் (ஜப்பான்காரர் கணக்கு; நம் கணக்கில் 1943)

அன்பும் மதிப்பும் நிறைந்த மச்சான் கலியாணசுந்தரம் அவர்களுக்கு, சேதுராமன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. நானும் உங்கள் தங்கை சந்திரமதியும் ஊபி என்கிற மரவள்ளிக்கிழங்கின் தயவில் உயிரோடிருக்கிறோம். சிரம்பானில் நீங்களும் அப்படியே இருக்க முருகன் அருள்வானாக. நடுவில் உறையைப் பிரித்துப் படிக்கும் அதிகாரி ஐயாவுக்கும் வணக்கம். இதில் அரசியல் கிடையாது, பக்கத்து வீட்டுக்காரன்தான்.

என் கடிதங்களில் புகையிலை சுருட்டிப் பிடிப்பதாக எழுதியிருந்தீர்கள். தாராளமாகப் பிடியுங்கள், காகிதப் பஞ்சத்தில் அதற்காவது உதவட்டும். எனக்கும் சந்திரமதிதான் எங்கிருந்தோ தாள் கொண்டுவந்து தருகிறாள். கேட்டால், "எழுதுறதுன்னா எழுதுங்க, ஆராய்ச்சி வேணாம்" என்கிறாள். என் மூக்குக்கண்ணாடி மூன்று மாதமாகப் பண்டார் ஹிலிர் கடையில் பழுதுக்குக் கிடப்பதால் நானும் ஆராயவில்லை. வரி கோணியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

விஷயம் என்னவென்றால், பதினோரு வருடம் பாடுபட்டு நான் பாடிய காஜா பெராங் புராணத்தை பிஸ்கட் டின்னில் போட்டுப் பப்பாளி மரத்தடியில் புதைக்க நினைத்தேன். நாமெல்லாம் போன பிறகு, ஆயிரம் வருடம் கழித்து எவனாவது தோண்டுவான் அல்லவா? அவன் கையில் ரேஷன் அட்டை மட்டும் கிடைத்தால், அரிசிக்கு வரிசையில் நிற்பதையே மதமாகக் கொண்ட சாதி இங்கே வாழ்ந்தது என்று எழுதிவைத்துவிடுவான். அந்த அவமானம் வேண்டாமென்று தாள்களைத் தடவி எண்ணினேன். நாற்பதில் பத்தைக் காணோம்! சந்திரமதியைச் சந்தேகிக்க வழியில்லை, என் பாட்டை அவள் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. ஆகவே பக்கத்து வீட்டுச் சங்கரன்தான். தெங்கேராவில் ஒரு கல்யாணத்துக்கு வாழ்த்துப்பா பாடியதிலிருந்து அவனுக்குத் தலைகால் புரியவில்லை. போன வாரம் முழங்கால் ஆழம் தோண்டிவிட்டு ஊபி நட்டதாகச் சொல்கிறான். ஊபிக் குச்சிக்கு ஒரு சாண் போதாதா? என் பாட்டைத் தன் பெயரில் புதைத்திருக்கிறான் மச்சான். நாளை அவனுக்குச் சிலை வைப்பார்கள். என்னைப் பற்றி, பக்கத்தில் யாரோ குடியிருந்ததாகத் தெரிகிறது என்று ஒரு வரி எழுதுவார்கள். வயிறு எரிகிறது.

நேற்று அவன் ரேஷனுக்குப் போன நேரம் பார்த்து அவன் பாத்தியைத் தோண்டினேன். நட்ட குச்சியில் நாலு ஒடிந்ததுதான் மிச்சம். அவன் மனைவி பாக்கியம் வந்து நின்றாள்.

"என்னண்ணே தேடுறீங்க?"

"தூண்டிலுக்கு மண்புழும்மா."

"அவரும் போன மாசம் உங்க பப்பாளி மரத்தடியில மண்புழுதான் தேடுனாரு" என்றாள்.

என் புராணத்தைத்தான் தேடியிருக்கிறான், இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? நீங்கள் உடனே வந்து அவனிடம் நியாயம் கேட்கவேண்டும். சந்திரமதி அண்ணனையும் அண்ணியையும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். குழந்தைகளுக்கு ஆசிகள்.

தங்கள் அன்புள்ள,
சேதுராமன்

பி.கு.: கண்ணாடி வந்துவிட்டது. மாட்டிக்கொண்டு கடிதத்தை மடிக்கத் திருப்பினால், பின்பக்கம் என் கையெழுத்தில் புராணத்தின் கடவுள் வாழ்த்து. கண்ணாடி இல்லாமல் இதற்கு முன் உங்களுக்கு எழுதியது ஐந்து கடிதம், கடிதத்துக்கு இரண்டு தாள். சந்திரமதியைக் கேட்டேன். "ஒரு பக்கம் சும்மாத்தானே கெடந்துச்சு" என்கிறாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேறு தாள் எடுத்தால் புராணம் இன்னும் குறையும் என்பதால் இதையே அனுப்புகிறேன். சங்கரனை விட்டுவிடுங்கள். மச்சான், உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், இப்போது வாயில் புகைவது எந்தப் படலமானாலும் உடனே அணையுங்கள்.