ருக்மிணியைக் கோயிலில் இறக்கிவிட்டவன்

பாகவதத்தை முழுவதும் படித்தவர்கள் மயிலாப்பூர் வட்டாரத்தில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. படித்ததாகப் புளுகியவர்களில் ஒருவனை மட்டும் நன்றாகத் தெரியும். தினமும் காலையில் அவனுக்குத்தான் சவரம் செய்துவிடுகிறேன்.

பன்னிரண்டு ஸ்கந்தம், பதினெட்டாயிரம் ஸ்லோகம் என்பதை ஏழு நிமிடக் காணொளி ஒன்றில் பொறுக்கியிருந்தேன். அதிலும் கடைசி இரண்டு நிமிடத்தைப் பார்க்கவில்லை (நடுவில் விளம்பரம் வந்துவிட்டது, நான் என்ன பண்ண?).

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. கோடம்பாக்கத்தில் வீடு, தரமணியில் வேலை, முன்மண்டையில் கொஞ்சம் காலியிடம். நான்கு பெண் வீட்டார் "ஜாதகம் சேரலை" என்று கௌரவமாகக் கழற்றிவிட்டிருந்தார்கள். ஐந்தாவது இடம் அபிராமபுரம். பெண்ணின் பெயர் வைஷ்ணவி. போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. இதுவும் தட்டிப்போகக் கூடாது என்று நான் வேண்டிக்கொள்ளாத சாமி இல்லை.

அவள் அப்பா வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். தங்கள் அடுக்ககத்தில் கார் நிறுத்தும் இடத்தில் பந்தல் போட்டு, பாகவத சப்தாகம் ஏற்பாடு செய்திருந்தார். ஒரு பாகவதர் வந்து ஏழே நாளில் மொத்தப் புராணத்தையும் வாசித்துக் கதை சொல்லுவார். இந்த விவரத்தை எனக்குப் போனில் சொல்லிவிட்டு, "உங்களுக்கு பாகவதத்துல பரிச்சயம் உண்டோ?" என்று கேட்டார்.

"முழுக்கவே படிச்சிருக்கேன் மாமா. ரெண்டு தடவை."

(ஒரு தடவையோடு நிறுத்தியிருக்கலாம். நாக்கு கேட்கவில்லை.)

மாமா உருகிப்போனார். "அப்போ ஆறாம் நாள் அம்மாவோட வாங்கோ. அன்னிக்கு ருக்மிணி கல்யாணம். கதை கேட்ட மாதிரியும் ஆச்சு, பொண்ணு பாத்த மாதிரியும் ஆச்சு."

ருக்மிணி கல்யாணக் கதையைக் கல்யாணமாகாத பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டால் நல்ல மாப்பிள்ளை அமைவான் என்று ஒரு நம்பிக்கை. அவன் ஏற்கெனவே மயில்கண் வேட்டி கட்டிக்கொண்டு மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்துவிட்டான் என்பது என் நம்பிக்கை. "மாப்பிள்ளை ரெண்டு தடவை வாசிச்சவர்" என்று மாமா பாகவதரிடம் அறிமுகம் செய்து வைத்தார். பாகவதர் என்னைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தார். நான் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டு பக்திப் பரவசத்தில் ஆழ்ந்துவிட்டேன்.

கதை ஆரம்பமானது. காதில் எதுவும் ஏறவில்லை. கல்யாணப் பத்திரிகையை மஞ்சளில் அடிப்பதா சிவப்பில் அடிப்பதா என்பதில் மும்முரமாக இருந்தேன். அப்போது வைஷ்ணவி காபியோடு வந்து, "ஒரு நிமிஷம் பேசலாமா?" என்று லிஃப்ட் பக்கம் அழைத்துப் போனாள்.

"நீங்க முழுசா படிச்சிருக்கேளாமே?"

"ரெண்டு தடவை."

"அப்போ நான் விளக்கமா சொல்ல வேண்டாம். ருக்மிணிக்கு ஆத்துல பாத்த வரன்ல இஷ்டமில்லை. அவ மனசுல வேற ஒருத்தர். வாய்விட்டுச் சொல்லவும் முடியலை."

"ரொம்ப உருக்கமான இடம்" என்றேன்.

அவள் கண் கலங்கியது. பக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

"முகூர்த்தத்துக்கு முன்னாடி அம்மன் கோயிலுக்குப் போறாளே, அப்புறம் நடக்கறதுல உங்களுக்கு வருத்தம் இல்லையா?"

கோயிலுக்குப் போனால் என்ன நடக்கும்? குங்குமம் கொடுப்பார்கள். "வருத்தமா? அதுதானே நியாயம்" என்றேன்.

"அப்போ என்னை இப்பவே கோயிலுக்குக் கூட்டிண்டு போறேளா? நீங்க கூட வந்தா அப்பா தடுக்க மாட்டார்."

மாமா தடுக்கவில்லை. "பேஷாப் போயிட்டு வாங்கோ! பாகவதம் படிச்ச பையனோட அனுப்பறதுக்கு எனக்கென்ன யோசனை?"

என் ஸ்கூட்டரில் கிளம்பினோம். அவள் தோளில் பெரிய பை ஒன்று இருந்தது. எத்தனை தேங்காய் வாங்கி வைத்திருக்கிறாளோ என்று வியந்தபடியே மயிலாப்பூரில் ஓர் அம்மன் கோயில் வாசலில் இறக்கிவிட்டேன். வண்டி நிறுத்த இடமில்லாததால் நான் வெளியிலேயே காவல் நின்றேன். அவள் செருப்புக்கும் சேர்த்து.

கால் மணி கழித்து வெளியே வந்தாள். கூடவே நெடுநெடுவென்று ஓர் ஆள்.

"இவர் பிரான்சிஸ். தேனாம்பேட்டைல என்னோட ஆபீஸ்ல இருக்கார்."

பிரான்சிஸ் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "தலைவா, இது எங்கையில எல்லாத்தியும் சொல்லிச்சு. பொண்ணு பாக்க வந்த ஆளே இட்டாந்து வுட்டுக்கினு கீறன்னா, இன்னா மனசு உனக்கு! பைக்கு மக்கர் பண்ணிச்சு, நைனா வண்டிய எடுத்தாந்தேன். சாந்தோம்ல நம்ம வூட்டாண்ட ஒரு நாள் வா. எங்கம்மா வஞ்சிரம் வறுத்துக் குடுக்கும்."

பின்னால் மீன் ஏற்றும் குட்டியானை வண்டி, ஐஸ் பெட்டிகளோடு நின்றது.

"வேற யாராவதா இருந்தா சண்டைக்கு வந்திருப்பா. நீங்க படிச்சவர்" என்றாள் வைஷ்ணவி.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நெஞ்சு நிஜமாகவே வலித்தது. அழுகைகூட வந்தது. ஆனால் 'எனக்கு ஒரு எழவும் தெரியாதும்மா' என்று சொல்ல வாய் வரவில்லை, இரண்டு தடவை படித்தவன் அல்லவா! "பத்திரமா போங்கோ" என்று சொல்லி, செருப்பை எடுத்துக் கொடுத்தேன்.

பந்தலுக்குத் திரும்பினால் கதை உச்சத்தில் இருந்தது. பாகவதர் மைக்கைப் பிடித்து முழங்கினார்: "ருக்மிணி கோயில்லேர்ந்து வெளில வரா. ஆத்துல நிச்சயம் பண்ணின மாப்பிள்ளை சிசுபாலன் பேந்தப் பேந்த முழிச்சுண்டு நிக்கறான். கிருஷ்ணன் அவ கையைப் பிடிச்சுத் தேர்ல ஏத்திண்டு பறக்கறான்!"

கூட்டம் பூவை வாரி இறைத்தது. மாமாதான் எல்லோரையும்விட அதிகம் இறைத்தார். "மனசுக்குப் பிடிச்சவனோட போறா பாருங்கோ, என்ன பாக்கியம் பண்ணினவ!" என்று தேம்பித் தேம்பி அழுதார். அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. மகள்தான். இரண்டு நிமிடம் கேட்டவர், "ஐயோ, குடும்ப மானமே போச்சே!" என்று நாற்காலியில் சாய்ந்தார். ருக்மிணிக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்ட மாமிகள் அதே புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஐயாயிரம் வருஷத்துக்கு முன்னால் நடந்தால் பாக்கியம், அபிராமபுரத்தில் நடந்தால் அவமானம் என்ற நுட்பம் எந்த ஸ்கந்தத்தில் வருகிறதோ தெரியவில்லை.

மாமா என் பக்கம் திரும்பினார். "நீங்கதானே இறக்கிவிட்டேள்? ரெண்டு தடவை படிச்சவருக்குக் கோயில்ல என்ன ஆகும்னு தெரியாதா? தெரிஞ்சேதானே பண்ணினேள்?"

படித்தேன் என்றால் கூட்டுக் களவாணி. படிக்கவில்லை என்றால் பொய்யன். அம்மா வேறு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சத்தியமா ஒரு பக்கம்கூடப் படிச்சதில்லை மாமா!" என்று அலறினேன். நான் நின்ற இடம் பாகவதரின் மைக்குக்குப் பக்கம். என் வாக்குமூலம் இரண்டு தெருவுக்குக் கேட்டது.

பாகவதர்தான் இரக்கத்தோடு சொன்னார்: "விடுங்கோ சார். சிசுபாலனும் பாகவதம் படிச்சிருக்க மாட்டான். படிச்சிருந்தா அன்னிக்கு வாசல்ல நின்னிருப்பானா?"

முதலில் சிரித்தது என் அம்மா.

வைஷ்ணவியின் கல்யாணத்தைப் பதிவு அலுவலகத்தில் முடித்தார்கள். மாமா ஒன்றரை வருடம் முறுக்கிக்கொண்டிருந்துவிட்டு, பேரன் பிறந்ததும் சாந்தோமிலேயே பாதி நாள் இருக்க ஆரம்பித்தார். எனக்கும் ஒருவழியாகத் தி.நகரில் பெண் அமைந்தது. சுதா. எனக்கு முன்பே என் கதை அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. இருந்தும் பெண்ணைக் கொடுத்தார்கள்.

பதினோரு வருடம் ஓடிவிட்டது. இன்றும் நானும் சுதாவும் ஸ்கூட்டரில் கோயிலுக்குக் கிளம்பினால் என் மாமனார் சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்துப் பின்னாலேயே வருகிறார். போன வெள்ளிக்கிழமை சுதாவுக்குப் பொறுக்கவில்லை. "அப்பா, இன்னுமா என் மேல சந்தேகம்?" என்று கேட்டேவிட்டாள்.

"சேச்சே, உன்னை நம்பறேன்டி குழந்தே" என்றார் அவர். "மாப்பிள்ளைதான், யாராவது கைகுடுத்து நன்றி சொன்னா உன்னையும் குடுத்துட்டு வந்துடுவார்."