சாம்பிள் அண்ணாத்தேயின் கழுத்து

ஆவடி குவார்ட்டர்ஸில் சாம்பிள் அண்ணாத்தேயின் கையால் அறுபடாமல் தப்பித்த பண்டம் ஒன்றுகூடக் கிடையாது. சொந்தப் பெயர் அவருக்கே சம்பளத்தன்றுதான் ஞாபகம் வரும். தொழிற்சாலையில் எனக்கு அடுத்த மேஜை, குவார்ட்டர்ஸில் எதிர்வீடு. ஆக, எனக்கு ஞாயிற்றுக்கிழமைகூட விடுதலை இல்லை.

வந்து இறங்கும் இரும்பில் சாம்பிளுக்கு ஒரு துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்புவது எங்கள் வேலை. துண்டு தேறாவிட்டால் லாரி லோடு மொத்தமும் வந்த வழியே திரும்பும். சங்கு ஊதியதும் நாங்களெல்லாம் வேலையைத் தொழிற்சாலை கேட்டிலேயே விட்டுவிட்டு வருவோம். அவர் வீட்டுக்கும் கொண்டுவருவார். அவர் தலை தெரிந்தாலே தர்பூசணிக்காரன் வண்டியைத் திருப்பிவிடுவான். திருவேற்காட்டில் என் தங்கை கல்யாணத்துக்கு வந்தவர், சமையல் கட்டில் நுழைந்து கூடை கூடையாக லட்டை உடைத்துப் பார்த்தார். சம்பந்தி வீட்டார் இலையில் பாதி லட்டு விழுந்தது. அந்தக் குத்தல் பேச்சை என் தங்கை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அப்பேர்ப்பட்டவர் கழுத்தில் ஒரு கோடையில் நெறி கட்டியது. முதலில் சுண்டைக்காய், பிறகு நெல்லிக்காய், பக்கத்தில் இரண்டு குட்டி வேறு. குவார்ட்டர்ஸில் எல்லா ஜில்லாக்காரர்களும் உண்டு என்பதால் வைத்தியத்துக்குப் பஞ்சமில்லை. திருநெல்வேலி வீடு சூட்டுக் கட்டி என்றது. சேலத்து வீடு மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசியது. கட்டி யாரையும் சட்டை செய்யவில்லை. சாயங்காலமானால் காய்ச்சல், உடம்பும் இளைத்துக்கொண்டே வந்தது.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, காசநோயாகவும் இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம், விரலால் தொட்டுச் சொல்ல முடியாது, ஒரு நெறியை அறுத்தெடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் தெரியும் என்றார். ஊரையெல்லாம் அறுத்தவர் எழுந்து, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, நேரே வந்து ரயிலேறிவிட்டார்.

அதன் பிறகு சித்திரை வெயிலில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு வேலைக்கு வந்தார். வேறு எவனாவது சரக்கை இப்படி மூடிவைத்திருந்தால் அவரே மேலிடத்துக்குப் புகார் எழுதியிருப்பார். ஒரு நாள் அவர் வீட்டிலேயே உட்கார்ந்து, ஏன் அறுக்க வேண்டாம் என்கிறீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

"துண்டு தேறலன்னா நாம இன்னா பண்றோம்? லோடையே திருப்பிடறோம். துண்டுதானே கெட்டுக்கீதுன்னு எப்பனா உட்டுக்கீறோமா? என் துண்டு அங்க போய் ஃபெயிலாச்சுன்னா, நான் மொத்தமா ஃபெயிலு, நைனா."

எனக்கு வந்த சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவர் மனைவியை நான் அண்ணி என்பேன். அண்ணி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். முறத்திலிருந்து தலையைத் தூக்காமலே பேசினார்.

"நீ இன்னா லாரில வந்த சரக்கா, உன்னத் திருப்பிட்டு வேற எறக்கிக்க? எனுக்கு நீ ஒர்த்தன்தான் கீற. கெட்டுப்போய்க் கீறன்னா ரிப்பேர் பண்ணி வெச்சிக்குவேன். நாளைக்குக் கெளம்பு."

மறுநாள் மூவரும் போனோம். மரத்துப்போக ஊசி போட்டு ஒரு நெறியை எடுத்தார்கள். அந்த நிலையிலும் அண்ணாத்தே, சரியான துண்டைத்தான் எடுத்தீர்களா, புட்டியில் பேர் ஒட்டினீர்களா என்று டாக்டரைப் படுத்தி எடுத்தார்.

முடிவு வரும்வரை மனிதர் பொட்டுக் கண்மூடவில்லை என்று அண்ணி சொன்னார். தர்பூசணிக்காரன் எதிரே வந்தபோது, ஒரு பழத்தை அறுக்கச் சொல்லாமல் முழுசாக வாங்கிக்கொண்டு போனார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது.

காசநோய் என்று முடிவு வந்தது. ஊசியும் மாத்திரையும் மாதக்கணக்கில் விடாமல் எடுத்தால் குணமாகிவிடும் என்றார் டாக்டர். காசம் என்று கேட்டதும் கையெடுத்துக் கும்பிட்ட குடும்பத்தை அவர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார். வராந்தாவுக்கு வந்ததும் அண்ணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அந்தத் தொல்லை பிடித்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

திரும்பும் ரயிலில் என் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனார். ஆவடி வந்ததும் அண்ணி எழுப்பப் போனார். நான் வேண்டாம் என்று கை காட்டினேன். திருநின்றவூர் வரை போய்த் திரும்பி வந்தோம்.