சிங்க் அண்ணன் அழைத்து வந்த பன்னிரண்டு பேர்

மலாக்கா மாநிலத்தில் சிங்க் அண்ணனைப்போல் ஒழுங்காக வாழ்ந்த மனிதர் கிடையாது. அவர் ஒழுங்குபடுத்தப் போய் மற்றவர்கள் பாடு தலைகீழானதுபோல் வேறு யாராலும் ஆனதும் கிடையாது.

புக்கிட் ரம்பாயில் பிளாஸ்டிக் டப்பா செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நான் குமாஸ்தா. அவர் ஸ்டோர் சூப்பர்வைசர். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் இருந்திருக்கும்; வேறெங்கும் யாரும் உச்சரித்துக் கேட்டதில்லை. அவரிடம் மூன்று போன், ஒரு டேப்லெட், ஒரு பழைய லேப்டாப் இருந்தன. மின்னஞ்சல், தொடர்பு எண்கள், நாட்காட்டி எல்லாம் ஐந்திலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். அதற்குப் பெயர் ‘சிங்க்’. நாளைக்கு நாற்பது முறை அந்தச் சொல்லைச் சொன்னவருக்கு அதுவே பெயராகிவிட்டது.

ஒரு மின்னஞ்சல் வந்தால் ஐந்திலும் திறந்து ஐந்து தடவை படிப்பார்.

“அதே மெயில்தானே அண்ணே?”

“அதேதான்னு படிச்சாத்தானே தெரியும்?”

மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு ஐந்தும் அலறும். ஒரே நொடியில் அலறாது. ஒன்று முடிய இன்னொன்று. தொழிற்சாலைச் சங்கு ஊதுவதற்குள் பாதிப் பேர் கேண்டீனில் தட்டோடு நிற்பார்கள்.

எங்கள் மேனேஜர் ஒரு சீன அம்மாள். எல்லோருக்கும் அவர் மேடம். புதுப் போன் வாங்கியவர், பழையதில் இருந்த எண்களை மாற்றித் தரும்படி சிங்க் அண்ணனிடம் கொடுத்தார். அவரும் மாற்றினார். சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத் தன் கணக்கையும் அதில் ஒருமுறை திறந்தார். திறந்ததை மூட மறந்துவிட்டார். மேடத்தின் எண்களும் அண்ணனின் எண்களும் ஒரே குடும்பமாகிவிட்டன.

மறுநாள் அட்டைப்பெட்டி சப்ளை செய்யும் குமாருக்கு மேடம் போன் செய்தார். எடுத்தது உம்பாய் கடற்கரையில் நண்டு விற்கும், அண்ணனுக்குத் தெரிந்த குமார். நான் பக்கத்தில் இருந்தேன். பேச்சு மலாயில் நடந்தது.

“குமார், வெள்ளிக்கிழமைக்கு எண்ணூறு வேணும். பெரிய சைஸ்.”

“எண்ணூறா? கொஞ்சம் கஷ்டம்தான், பாக்குறேன். கட்டி அனுப்பவா?”

“கட்டித்தான் அனுப்பணும். போன தடவை பாதி நசுங்கிப் போச்சு.”

“நசுங்கிருச்சா? உசுரோடதானே குடுத்தேன்?”

மேடம் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவையும் கண்ணால் பார்த்த நான், என் போனை அவரிடம் கொடுத்திருக்கக் கூடாது. கொடுத்தேன். ஆபீஸ் மீட்டிங்குகள் என் நாட்காட்டிக்குத் தானாக வரும்படி செய்து தருகிறேன் என்றார்.

“ஒரே நிமிஷம் தம்பி. கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள முடிஞ்சிரும்லா.”

முடிந்தது. ஆபீஸ் நாட்காட்டி எனக்கு வந்தது. என் நாட்காட்டி ஆபீசுக்குப் போனது. ஒருவழிப் பாதையாக இருக்க வேண்டியதை அண்ணன் இருவழியாக்கிவிட்டார். அது எனக்குத் தெரியாது.

அந்த வாரம் நான் எழுதி வைத்திருந்தது இது: ‘ஞாயிறு காலை பத்து. நியாலாஸ். பெண் பார்க்க. நீலச் சட்டை. அதிகம் பேசாதே.’ கீழே பெண் வீட்டு முகவரி.

எனக்கு அதற்கு முன் இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. அப்பா இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. “பையன் பக்கம் ஆளே இல்லையே” என்று ஒரு வீட்டில் வெளிப்படையாகவே சொன்னார்கள். இந்த மூன்றாவது இடமாவது அமைய வேண்டும் என்று அம்மா சாப்பாட்டைக் குறைத்து விரதம் இருந்துகொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் நியாலாஸில் அந்த வீட்டு வாசலில் இறங்கினோம். பின்னாலேயே எங்கள் கம்பெனி வேன் வந்து நின்றது. பதினொரு பேர் இறங்கினார்கள். அதற்குப் பின்னால் மேடத்தின் கார். மேடம் கையில் பழக்கூடை.

“நீல சட்டதான் போட்டிருக்க. பாகோஸ், நல்லாருக்கு,” என்றார் பேக்கிங் பிரிவு மலாய் அக்கா, காக் ரொஹானி.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. நாட்காட்டியில் வந்ததை அவர்கள் அழைப்பு என்றே நினைத்திருக்கிறார்கள். அப்பா இல்லாத பையன், துணைக்குக் கூப்பிடுகிறான், போகாமல் இருக்கலாமா என்று பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

பெண்ணின் அப்பா, லோரி ஓட்டுபவர், நாற்காலிகளை எண்ணினார். பிறகு எங்களை எண்ணினார். பிறகு பக்கத்து வீட்டுக்கு ஆள் அனுப்பினார்.

பெண் பெயர் மேகலா. என்னோடு தனியாக இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றாள். சமையலறைக் கதவருகே நின்றோம்.

“எதுக்கு இத்தன பேரு? பயமா?”

நடந்ததைச் சொன்னேன். அதிகம் பேசாதே என்று எழுதியிருந்ததையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. நேரே கூடத்துக்குப் போய் மேடம் முன்னால் நின்று ஆங்கிலத்தில் கேட்டாள், “இவரு எப்படி?”

மேடம் யோசித்தார். “போன் பண்ணா லேட்டாதான் எடுப்பான். ஆனா ஒரு தடவகூட என்கிட்ட பொய் சொன்னதில்ல.”

மேகலா உள்ளே போய்த் தன் அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். அவர் வெளியே வந்து, எல்லோரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். என் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அந்த சிங்க் அண்ணன் எங்க? நான் பாக்கணும்,” என்றாள் மேகலா.

கூட்டத்தில் அவர் இல்லை. வெளியே போய்த் தேடினேன். தெருமுனையில் மரத்தடியில் அவருடைய பழைய கார். உள்ளே அவர். ஐந்து கருவிகளும் பக்கத்து சீட்டில் அணைந்து கிடந்தன. முந்தின நாள்தான் நடந்தது அவர் கண்ணில் பட்டிருக்கிறது. அதை ரத்து செய்யப் போய், எல்லோருக்கும் இன்னொரு முறை நினைவூட்டல் அனுப்பிவிட்டாராம்.

“தம்பி, கெடுத்துட்டேனா?” என்றார். “ஒங்க அம்மா மொகத்துல எப்படி முழிப்பேன்? தடுத்துரலாம்னுதான் வேன் பின்னாலயே வந்தேன். எறங்க தைரியம் வரல.”

“கெடல அண்ணே. உள்ள சாப்பாடு போடுறாங்க. ஒங்களத்தான் கேக்குறாங்க.”

“வேணாம்லா. வேர்த்துக் கொட்டி சட்டையெல்லாம் நாறுது.”

கதவைத் திறந்து அவர் கையைப் பிடித்து இழுத்தேன். குழந்தையைப்போல் பின்னால் வந்தார். வாசலில் நின்ற மேகலாவின் அப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார். அதற்குள் பன்னிரண்டு பேருக்கு அறிமுகம் கேட்டு ஓய்ந்திருந்தார்.

“இவரும் ஒங்ககூட வேல செய்யறவரா தம்பி?”

“இல்ல அங்கள்,” என்றேன். “இவரு எங்க வீட்டு ஆளு.”