கயிற்றை விடாத ஊர்

உலகத்தைக் காப்பாற்றும் பொறுப்பு கடைசியில் எங்கள் சிலோயே தீவிடம்தான் வந்து சேர்ந்தது என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். 'மனிதச் சூழலியல் மன்ற'த்தின் உள்ளூர்ச் செயலாளர் என்ற முறையில் அந்தப் பெருமையில் எனக்கும் பங்குண்டு.

அன்று ஒட்டிலியா அக்கா வீட்டு மிங்கா, அதாவது ஊர்கூடி வீடு நகர்த்தும் நாள். கடல் கரையை அரித்து அவர் அடுப்படிச் சுவர்வரை வந்துவிட்டது. அதனால் மரவீட்டை அப்படியே உருட்டுக்கட்டைமேல் ஏற்றி, மாடு பூட்டி, ஊரே கயிறு பிடித்து மேட்டுக்கு இழுப்பதாக ஏற்பாடு. கூலி கிடையாது, குழியடுப்பில் வெந்த சிப்பியும் உருளைக்கிழங்கும்தான். வழி கடற்கரை மணல் என்பதால், தண்ணீர் வற்றியிருக்கும்போதே இழுத்தாக வேண்டும்.

அந்த நேரம் பார்த்து எங்கள் மன்றத்துக்கு வகுப்பெடுக்கத் தலைநகர் சாந்தியாகோவிலிருந்து டாக்டர் ரென்கோரே வந்து இறங்கினார்.

"இழுக்கிறதுக்கு முன்னாடி, எதுக்கு இழுக்கிறோம்னு 'அமைப்புச் சிந்தனை'யோட புரிஞ்சுக்கணும்" என்றார்.

எல்லாரையும் பள்ளிக்கூடத்தில் வட்டமாக நிறுத்தி, வீடு இழுக்கும் கயிற்றையே கைமாற்றிப் பிடிக்கச் சொன்னார். "நீங்க மீன். நீங்க காடு. நீங்க மழை. ஒருத்தர் விட்டாலும் பூமி போச்சு!"

மாட்டுக்காரர் பல்தோவினோ மழையாக நின்றார்.

ஒட்டிலியா அக்கா மூச்சிரைக்க ஓடிவந்தார். "கயிறக் குடுங்கய்யா! தண்ணி ஏறுது!"

"அம்மா, நீங்களும் ஒரு ஓரமா பிடிச்சுக்குங்க. நீங்கதான் கரை" என்றார் டாக்டர்.

"கரை அங்க போயிட்டிருக்கு! டேய் பல்தோவினோ, வாடா!"

"எப்படிக்கா விடுறது? நான் விட்டா காடு காஞ்சிருமாம்."

"உன் மாடு அங்க நனையுதுடா!"

"நனையட்டும்க்கா. மழைன்னா நனையத்தான் செய்யும்."

செயலாளர் என்ற முறையில் நான் சமாதானம் சொன்னேன். "அக்கா, டாக்டர் கரும்பலகையில வரைஞ்ச படத்துல உங்க வீட்டையும் போட்டாச்சு. கடலுக்கும் வீட்டுக்கும் நடுவுல ரெட்டை அம்புக்குறி!"

"அம்ப நீயே வச்சுக்க. ஆள அனுப்பு!"

வட்டம் கலைந்தபோது அலை அடுப்படியை முழுசாகக் கழற்றிக்கொண்டு போயிருந்தது. மாடுகள் தாமாகவே மேடேறிவிட்டன. அவற்றைக் கூட்டத்துக்கு யாரும் அழைக்கவில்லை. டாக்டர் கண்கலங்கினார். "பாத்தீங்களா, எல்லாமே ஒண்ணோட ஒண்ணு தொடர்பு!"

சமைத்தது வீணாகக் கூடாது என்ற உயர்ந்த நோக்கில் எல்லாரும் மேட்டிலிருந்த குழியடுப்பைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் எழுந்து நன்றியுரை ஆற்றினேன். "கடைசிவரை நம்ம ஊர்ல ஒருத்தர்கூடக் கயிற விடல!"

கைதட்டல் அடங்கியது. ஒட்டிலியா அக்கா என் தட்டில் இன்னொரு உருளைக்கிழங்கை வைத்தார்.

"விடல தம்பி, நானும் பார்த்தேன். ஒருத்தர்கூட இழுக்கவும் இல்ல."