கோலக்கெடாவில் பார்க்க வேண்டிய ஏழு

எனக்கு எண்ணுகிற வியாதி உண்டு. இதை எழுத உட்காரும் முன் மேசையிலிருந்த மாத்திரைகளை மூன்று தடவை எண்ணினேன். மூன்று தடவையும் ஒன்று குறைந்தது. இந்த வியாதியால் ஒரு சமயம் சயாமுக்கு ஜப்பான்காரர்களின் ரயில் பாதை போடப் போயிருப்பேன்; போனவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. தப்பியதும் இதே வியாதியால்தான். இரண்டில் எது பெரிய அவமானம் என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

ஜப்பான்காரர் காலம். சுங்கை லாலாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கிராணி, கணக்கு எழுதுகிறவன். காலைப் பெரட்டில் வரிசையாக நிற்கிற ஆட்களை எண்ணுவது, மரங்களை எண்ணுவது, வாளிகளை எண்ணுவது என் வேலை. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய், பால்வெட்டு நின்று, எல்லோரும் மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தோம். எண்ணுவதற்கு எதுவும் இல்லாமல் கை நமநமத்தது. ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு கண்ணில் பட்டதையெல்லாம் குறித்து வந்தேன்.

கல்யாணமாகி நான்கு மாதம். என் மனைவி பாக்கியம் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவள்; கடலைப் பார்த்ததில்லை. அலோர்ஸ்டாரில் என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, அங்கிருந்து கோலக்கெடா கிட்டத்தானாமே, ஒரு நடை கடலைப் பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்டாள். அவள் என்னிடம் கேட்ட முதல் ஆசை.

நான் உடனே பட்டியல் போட்டேன். 'கோலக்கெடாவில் பார்க்க வேண்டியவை: பழைய கோட்டை, பீரங்கிகள், கலங்கரை விளக்கம், படகுத்துறை, படகுகள், கருவாடு காயும் இடம், கடல். ஆக மொத்தம் ஏழு.'

பாக்கியம் அதைப் பார்த்துவிட்டு, "கடல ஏங்க கடைசில போட்டீங்க?" என்றாள்.

கிட்டத்தில் இருப்பது முதலில், தொலைவில் இருப்பது பிறகு என்று முறையை விளக்கினேன். (அவள் கேட்டதே அந்த ஏழாவதைத்தான் என்பது எனக்கு உறைக்கவில்லை.)

அக்கா வீட்டுக்காரரின் சைக்கிளில் கிளம்பினோம். டயர் கிடைக்காத காலம். சக்கரத்தில் கெட்டி ரப்பரைச் சுற்றியிருந்தார். வழியிலிருந்த ஒவ்வொரு கல்லும் எங்கள் முதுகெலும்பில் ஏறி இறங்கியது. சம்பான் என்கிற துடுப்புப் படகில் ஆற்றைக் கடந்து கோட்டைக்குப் போனோம்.

பார்ப்பதோடு நிறுத்தியிருக்கலாம். நான் நோட்டை எடுத்தேன். பீரங்கி 8 (ஒன்று உடைசல்). படகு 37. காவலில் சிப்பாய் 6, துப்பாக்கி 6. காவலுக்கு நான் குனிந்து வைத்த வணக்கம் 5. பெரட்டுப் புத்தகம்போல் கட்டம் போட்டு, சுத்தமாக எழுதினேன். யுத்த காலத்தில், துறைமுகத்தில், சிப்பாய்களை நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தபடி. (ஏழாம் வகுப்பு வரை இங்கிலீஷ் படித்தவன் வேறு.)

ஏழாவது சிப்பாய் பின்னாலிருந்து வந்தான். அவன் என் கணக்கில் விடுபட்டிருந்தான்.

காவல் கொட்டகையில் என்னைத் தூணில் கட்டினார்கள். அதிகாரி ஒருவர் நோட்டைப் புரட்டினார். மொழிபெயர்க்க வந்தவர் பினாங்குத் தமிழர்.

"தம்பி, யாருக்கு எழுதுன? ஒழுங்கா சொல்லிரு. நாளைக்குச் சயாமுக்கு லாரி போவுது."

எனக்காகத்தான் எழுதினேன் என்றேன்.

"உனக்கு எதுக்குய்யா முப்பத்தேழு படகு?"

அங்கே நின்றது அவ்வளவுதான் என்றேன்.

அப்போது பாக்கியம் முன்னால் வந்தாள். "அண்ணே, அந்த நோட்ட முதல்லேருந்து திருப்புங்க. இவரு எல்லாத்தையுமே எண்ணுவாரு. எங்க வீட்டுக் கூரை ஓட்டையக்கூட எண்ணி வச்சிருக்காரு."

அவர் வாய்விட்டுப் படித்து, ஜப்பான் மொழியில் சொல்லிக்கொண்டே போனார். கூரை ஓட்டை 6. கல்யாணப் பந்தலில் காக்கை 19. தாலி கட்டும்வரை மாமனார் தும்மியது 11. அதிகாரியின் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. அடுத்த பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார். பாக்கியத்தைப் பார்த்தார். எந்தப் பக்கம் என்று எனக்குப் புரிந்தபோது, சயாம் அவ்வளவு மோசமில்லை என்று தோன்றியது.

"இதையும் சொல்லணுமா தங்கச்சி?"

"எல்லாத்தையும் சொல்லுங்கண்ணே" என்றாள் பாக்கியம், பாவம், என்னைக் காப்பாற்றுகிற வேகத்தில்.

"பாக்கியம் குறட்டை. திங்கள், நூத்திப் பன்னெண்டு. செவ்வாய், இருநூத்தி நாலு. புதன், கணக்கு முடியல, எனக்குத் தூக்கம் வந்துட்டது."

அதைக் கேட்டதும் அதிகாரி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்றே நினைத்தேன். நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

"இந்த மாதிரி ஆளை எந்த வெள்ளைக்காரனும் சம்பளம் கொடுத்து வச்சுக்க மாட்டானாம். போகச் சொல்றார்."

(எட்டு வருடம் ஒரு வெள்ளைக்காரர் இதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார். நான் சொல்லவில்லை.)

அதிகாரி, கோட்டையில் நான் எழுதிய பக்கத்தைக் கிழித்துக்கொண்டு, நோட்டைப் பாக்கியத்திடம் கொடுத்தார். சம்பானில் திரும்பியபோது வலப்பக்கம் கடல் விரிந்து கிடந்தது. அவள் இடப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"பாக்கியம், கடல்" என்றேன்.

"எண்ணிட்டீங்களா?" என்றாள்.

அக்கா வீடு வரை சைக்கிளில் ஏறவில்லை. அவள் முன்னால் நடக்க, நான் பத்தடி பின்னால் தள்ளிக்கொண்டு வந்தேன்.

இப்போது எங்கள் பேரப்பிள்ளைகள் லங்காவிக்குப் படகு ஏறக் கோலக்கெடா போகிறார்கள். அங்கே என்ன பார்க்கலாம் என்று யார் கேட்டாலும் பாக்கியம் ஒரே பட்டியல்தான் சொல்வாள்: "கோட்டை இருக்கு, பீரங்கி இருக்கு, உங்க தாத்தாவக் கட்டி வச்ச எடம் இருக்கு. கடலும் இருக்குதாம். நான் பார்க்கல."

கூட்டிப் போகிறேன், வா என்று இதுவரை நாற்பத்தொரு தடவை கூப்பிட்டுவிட்டேன். சட்டைப்பையில் இருக்கிற நோட்டை வீட்டில் வைத்துவிட்டு வந்தால் வருகிறேன் என்கிறாள்.

அது ஒன்றுதான் என்னால் முடியவில்லை.