படிக்காத நகல் பிரிவின் பெருமை

கடமை உணர்வின் சிகரம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்: கல்லீரலின் ஓர் உயிரணுவில், உட்கரு என்னும் உள்ளறையில் இயங்கும் நகல் பிரிவில். மூலச் சுருளான டி.என்.ஏ.வைப் பார்த்து ஆர்.என்.ஏ. என்னும் நகல் எடுத்து வெளிப் பட்டறைக்கு அனுப்புவது அதன் 'திருப்பணி'. நகலில் உள்ளபடி பட்டறை புரதம் தைக்கும்.

பிரிவின் தலைவர் பெரிய நகலர். எதையும் படிக்க மாட்டார். படித்தால் வேகம் குறையுமாம். அவர் தங்கை மராமத்துக்காரி. கிழிந்த சுருளைக் கண்டால் அவள் கை சும்மா இருக்காது.

ஒருநாள், மஞ்சள் காமாலைப் புகழ் ஹெபடைடிஸ் பி வைரஸ் வந்தான். மாட்டியிருந்த புரதக் கோட்டைக் கழற்றி வாசலிலேயே போட்டான். கக்கத்தில் இருந்த வட்டச் சுருளை உள்ளறைக்குள் தள்ளிவிட்டான்.

"அண்ணே, இது நம்ம வீட்டுச் சுருள் மாதிரி தெரியலையே. பாதி கிழிசல் வேற."

"கிழிசலா? முதல்ல ஒட்டு! மானம் போயிடும்."

ஒட்டினாள். பெற்ற தாய்கூட அவ்வளவு நேர்த்தியாக ஒட்டியிருக்க மாட்டாள்.

"இப்பவாவது படிங்கண்ணே. வீட்ல தைக்கிற எல்லாத்துலயும் ஒரு துண்டை ஜன்னல்ல தொங்கவிடுறோம். அதுல அந்நியத் துணி தெரிஞ்சா, ரத்தத்துல ரோந்து சுத்துற காவலருங்க வீட்டையே இடிச்சிடுவாங்க."

"'இங்கிருந்து நகலெடு'ங்கிற ஆரம்பக் குறி இருக்கா?"

"இருக்கு."

"அப்புறம் என்ன? எடு நகலை!"

நகல் குவிந்தது. பட்டறை மேஸ்திரி வைரஸுக்குக் கோட்டாகத் தைத்துத் தள்ளினார். "யாருக்குய்யா இத்தனை கோட்டு?" என்று ஒரு தடவை கேட்கத்தான் செய்தார். நகல் பிரிவின் முத்திரைகளான தொப்பி தலையிலும் வால் பின்னாலும் முறைப்படி இருந்ததைப் பார்த்ததும், கேள்வியை 'வாபஸ்' பெற்றுக்கொண்டார். கோட்டு மாட்டிய புது வைரஸ்கள் அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கிளம்பின.

அந்தக் கோட்டுத் துணியில் ஒரு துண்டு ஜன்னலில் ஆடியது. காவலர் வந்துவிட்டார்.

"யாரு வேலை இது?"

"அந்த வைரஸ் பயதான் ஐயா!" என்றார் பெரிய நகலர்.

"அவன் எடுத்த நகல் ஒண்ணைக் காட்டு."

பெரிய நகலர் குவியலைக் கிளறு கிளறு என்று கிளறினார். அத்தனையும் அவர் கைவேலை. காவலர் ஓர் உத்தரவை நீட்டிவிட்டு அடுத்த வீட்டு ஜன்னலைப் பார்க்கப் போனார்.

தங்கை அதை வாங்கிப் படித்தாள். "நம்ம வீட்டை நாமளே இடிச்சுக்கணும்னு போட்டிருக்கு. இதையாவது முழுசாப் படிங்கண்ணே!"

அவர் உத்தரவின் மேல்நுனியை மட்டும் பார்த்தார்.

"ஆரம்பக் குறி சரியாத்தான் இருக்கு. கடப்பாரையை எடும்மா."